படகு தாமதமாகப் புறப்படும்

முப்பத்தோரு வருஷம் அந்த ஊர் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்தவளுக்கு ஊர் வைத்த பெயர் மைக்கம்மா. அவள் குரலைக் கேட்டுப் பெட்டியைத் தூக்காத கை அந்த ஊரில் கிடையாது. பாதிப் பேர் அந்தக் குரல் கேட்டு ஓடித்தான் தங்கள் கல்யாணத்துக்கே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மீதிப் பேர் அது காதில் விழாததால் தப்பித்தார்கள். ‘கவனிக்கவும்’ என்று அவள் ஒரு சொல் சொன்னால் நடைமேடையில் அழுகிற குழந்தை வாயை மூடும். பறக்கிற புறா அந்தரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். புறாவை நேரில் பார்த்த சாட்சிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

வீட்டில் மட்டும் கதை வேறு. அங்கே அதே குரலுக்கு ஓர் எறும்புகூட வழிவிடாது. அவள் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்தே முப்பத்தைந்து வருஷக் குடித்தனம் நடத்தியவர். ‘எழுந்திருங்க’ என்பதை அவள் கெஞ்சலாய், அதட்டலாய், பாட்டாய், எத்தனை விதமாய்ச் சொன்னாலும் மனிதர் நாற்காலியின் ஐந்தாவது கால் மாதிரி அசையாமல் இருப்பார்.

அவள் ஓய்வு பெற்ற மறுவாரம் நூலகத்தில் பழைய குறுந்தகடுகளைக் கழித்துக்கட்டினார்கள். அதில் ஒரு பெட்டி நிறைய ஆசிய நாட்டுப் படங்கள். ஒருவரும் தொடாததால் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. சும்மாதானே கிடக்கிறது என்று தூக்கிவந்தவள், மத்தியானங்களில் ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தாள். மங்கோலியாவில் ஒருவன் புல்வெளி நடுவே ஒரு பியானோவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஜப்பானில் ஓர் அண்ணனும் தங்கையும் வாய் திறக்காமல் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள். படம் முடிகிற வரைக்கும் காலி செய்தார்கள். ஒவ்வொரு படம் முடியும்போதும் கூடத்துச் சுவர்கள் ஒரு முழம் தள்ளிப் போயிருக்கும். சமையலறைக்குப் போக அவளுக்குக் கூடுதலாய்ப் பத்து நிமிஷம் பிடித்தது.

குறை ஒன்றே ஒன்றுதான். பார்த்ததைப் பேச ஆள் இல்லை. வீட்டுக்காரர் மூன்றாவது நிமிஷத்தில் குறட்டைக்குப் போய்விடுவார். ஊருக்கெல்லாம் பேசியவள், பக்கத்தில் இருப்பவரிடம் ‘அந்தப் பியானோவை அவன் ஏன் வாசிக்கவே இல்லை?’ என்று கேட்க வழியில்லாமல் வயிறு உப்பித் திரிந்தாள். சிலிண்டர் போட வந்தவரை நிறுத்தி மங்கோலியாக் கதை முழுவதையும் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து அவர் சிலிண்டரைக் கேட்டருகே உருட்டிவிட்டு ஓட ஆரம்பித்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஊர்க் கலை விழாவில் ஆறு சனிக்கிழமை, ஆறு ஆசியப் படம், அனுமதி இலவசம். எல்லாரும் பார்த்துவிட்டால் எல்லாரோடும் பேசலாம்.

விழாச் செயலாளர் வேறு யாருமில்லை, அவள் கொழுந்தன்தான். மருந்துக்கடைக்காரர். எதைக் கேட்டாலும் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பழகியவர். விழா ஹாலைப் பூ அலங்காரப் போட்டிக்காரர்களுக்குக் கொடுப்பதாக அவர் ஏற்கெனவே பாதி வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணி கேட்டதும் இருமல் மருந்து பாட்டில்களை இடம் மாற்றி மாற்றி வைத்து நேரம் கடத்தினார். ஒரு வாரம் தினமும் அவள் கடை வாசலில் போய் நின்றாள். கடைசியில் மனிதர் இறங்கிவந்தார்.

“ஓசின்னா ஜனம் வரும் அண்ணி. வந்தா உட்காருமா? அதைச் சொல்லுங்க.”

“உட்காரும்.”

“சரி. இருநூறு நாற்காலி இருக்கு. முதல் படத்துக்குக் கடைசி வரைக்கும் நூறு பேர் உட்கார்ந்திருந்தா மிச்ச அஞ்சு வாரமும் உங்களுக்கு. ஒரு தலை குறைஞ்சாலும் ஹால் பூவுக்குப் போயிடும்.”

முதல் படம் வியட்நாமுடையது. ஓர் ஆறு, ஒரு படகு, அதை ஓட்டுகிற பெண். படத்துக்கு அடியில் ஆங்கில வரிகள் ஓடின. ஆனால் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் வரி போய்விடும் என்பதால், எல்லா வசனத்தையும் தமிழில் எழுதி, தானே மைக்கில் வாசிப்பதாக ஏற்பாடு செய்தாள். நான்கு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. ரயில் வாசனை வராமல் படகுக்காரியின் குரலில் பேச வேண்டும் என்று பத்து நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நூற்று அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். கொழுந்தன் வாசலில் நின்று எண்ணினார். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் பாதி. அடுத்த கூடத்தில் நடந்த ஓவியம் பற்றிய சொற்பொழிவிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் மீதி. வீட்டுக்காரரை அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து மூன்றாவது வரிசையில் நட்டுவைத்தாள். பிறகு பக்கத்து அறைக்குள் போனாள். நேற்று வரை துடைப்பம் வைத்திருந்த அறை. ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு மைக், ஹாலைப் பார்க்க ஒரு கண்ணாடிச் சன்னல்.

விளக்குகள் அணைந்தன. திரையில் மூடுபனி. முதல் பதினோரு நிமிஷம் பேச்சே இல்லை. பனி திரையின் கீழ்விளிம்பில் வழிந்து தரையில் இறங்கி நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஓடியது. முன்வரிசையில் ஒருவர் செருப்பு நனையாமல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு மட்டும் வந்தது. பிறகு படகுக்காரி. பிறகு மடக்கிய குடையோடு ஓர் ஆள். தினமும் காலையில் அவன் ஏறுகிறான், அக்கரை வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், அவன் மட்டும் இறங்காமல் அதே படகில் திரும்புகிறான்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் படகுக்காரி கரையைப் பார்த்து வாயைத் திறந்தாள். நோட்டில் இருந்த வரி: ‘படகு கிளம்பப் போகுது. ஏறுறவங்க ஏறிக்கங்க.’ மைக்கம்மா மெல்ல மூச்சை இழுத்தாள். விரல் மைக்கின் பொத்தானைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், கழுத்து தானாய் நிமிர்ந்தது, முப்பத்தோரு வருஷம் தொண்டைக்குள் எழுந்து நின்றது.

“கவனிக்கவும். படகு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள் ஏறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

ஹால் எழுந்தது.

ஒருவரும் அவசரப்படவில்லை, கூச்சலும் இல்லை. தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி நூற்று அறுபத்தோரு பேர் பைகளைத் தோளில் மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, அவரவர் துணையைத் தொட்டு எழுப்பிக்கொண்டு வாசலை நோக்கி நகர்ந்தார்கள். பல் டாக்டர் ஒருவர் தன்னுடையதல்லாத இரண்டு பைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார். வாசலில் நின்ற கொழுந்தன் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, பூக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய நல்ல சேதியை உதட்டுக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஹாலில் மிஞ்சியது ஒரே ஒருவர். மூன்றாவது வரிசையில் அவள் வீட்டுக்காரர். தன்னைத் தாண்டிப் போன பல் டாக்டரிடம் அவர் அமைதியாய்ச் சொன்னது சன்னல் வழியே அவளுக்கும் கேட்டது.

“அவ சொல்றதுக்கெல்லாம் எழுந்தா வாழ்க்கையில உட்காரவே முடியாது சார்.”

மைக்கம்மா சன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். முன்னால் போனவர்கள் நடைவழியைக் கடந்து படிக்கட்டை எட்டிவிட்டார்கள். வெயில் முகத்தில் பட்டால் விழித்துக்கொள்வார்கள். விழித்தால் வீட்டுக்குப் போவார்கள். போனால் ஐந்து படமும் பெட்டிக்குள், அவளும் பழையபடி சிலிண்டர்காரரைத் துரத்த வேண்டியதுதான். மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மன்னிப்புக் கேட்டு அந்த ஊரில் யாரும் யாரையும் உட்காரவைத்ததில்லை. அவர்களை உட்காரவைக்கிற சங்கதி ஒன்றே ஒன்றுதான், அது அவளைவிட நன்றாய் யாருக்கும் தெரியாது.

பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

“கவனிக்கவும். அக்கரை செல்லும் படகு, ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும். பயணிகள் இருக்கைகளில் அமர்ந்து காத்திருக்கவும். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

‘இதுதான் தெரியுமே’ என்று மொத்தக் கூட்டமும் ஒரே பெருமூச்சாய் விட்டது. அந்தக் காற்றில் திரைச்சீலை உப்பித் தணிந்தது. வந்த வழியே திரும்பினார்கள். இந்த முறை உட்கார்ந்த விதமே வேறு. செருப்பைக் கழற்றினார்கள். பையை மடியில் வைத்து அதன்மேல் கையை வைத்தார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, நீங்க எதுவரைக்கும் என்று விசாரித்தார்கள். நடைவழியிலும் படிக்கட்டிலும்கூட ஒலிபெருக்கி இருந்ததால், வெளியே பேருந்துக்கு நின்றிருந்தவர்களும், நமக்குத்தான் தாமதம் என்று நம்பி, உள்ளே வந்து அமர்ந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் பக்கவாட்டுப் படிகளில் குந்தினார்கள்.

காத்திருக்கிறவன் கண்ணுக்குத் தப்புவது எதுவும் இல்லை. துடுப்பிலிருந்து சொட்டுகிற நீரை அவர்கள் ஒவ்வொரு சொட்டாய்ப் பார்த்தார்கள். படகுக்காரி கூந்தலை முடிவதற்கு நான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டாள்; நான்கு நிமிஷமும் இருமல்கூட எழவில்லை. மைக்கம்மாவின் குரல் தானாய் இறங்கி, தண்ணீர்மேல் நகர்கிற நிழல் மாதிரி ஆனது. குளியலறையில் பத்து நாள் தேடியும் கிடைக்காத குரல். ஹால் மெதுவாக இடமும் வலமும் ஆடியது. எதிர்க்கரை விளக்குகள் கூரையில் நெளிந்தன. ஒரு மீன் துள்ளிப் பின்வரிசைக்காரர் மடியில் விழுந்ததாகவும், அவர் அதைப் பார்க்காமலே எடுத்து ஆற்றில் விட்டதாகவும் சொல்கிறார்கள். அதை நம்பாதவர்கள் அன்று வராதவர்கள்.

கடைசிக் காட்சியில் மழை இல்லை. குடைக்காரன் குடையை விரித்துப் படகுக்காரியின் தலைக்கு மேல் பிடித்தான். அக்கரை வந்தது. அவன் இறங்கவில்லை. திரை வெளுத்தது, விளக்குகள் எரிந்தன.

ஒருவரும் எழவில்லை. ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். எல்லா முகமும் ஒலிபெருக்கியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கொழுந்தன் பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“அண்ணி, சொல்லி அனுப்புங்க. ஹாலைப் பூட்டணும்.”

“எண்ணினீங்களா தம்பி?”

“இருநூத்திப் பதினொண்ணு. அதுல பாதிப் பேருக்கு எங்க இருக்கோம்னே தெரியல.”

“அது உங்க நிபந்தனையில இல்லையே.”

அவள் நான்காவது நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் சன்னல் கண்ணாடிக்கு அப்பால் அசையாத கூட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார், பிறகு காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து ஐந்து சனிக்கிழமைகளையும் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருந்துச் சீட்டு மாதிரி இல்லாமல் தெளிவாக எழுதும்படி அவள் ஒருமுறை திருத்தவும் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் மைக்கை இழுத்தாள். அக்கரை வந்துவிட்டது, பயணிகள் பார்த்து இறங்கவும், அடுத்த படகு வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு என்று அறிவித்தாள். இருநூற்றுப் பத்துப் பேர் மெல்ல எழுந்து போனார்கள். வாசற்படி வந்ததும் ஒவ்வொருவரும் குனிந்து பார்த்து, ஆடுகிற பலகையிலிருந்து தரைக்குக் கால் மாற்றுகிறவர்கள் மாதிரி பத்திரமாய் இறங்கினார்கள்.

மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரர் அப்படியே இருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து, வழக்கமான ‘எழுந்திருங்க’வைத் தயார் செய்துகொண்டு பக்கத்தில் போனாள். அவர் கண்கள் விழித்திருந்தன. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா,” என்றார், “அந்தக் குடைக்காரன் ஏன் ஒரு நாள்கூட இறங்கல?”

ஓய்வு பெற்ற நாளிலிருந்து வயிற்றில் கிடந்த பேச்சு அத்தனையும் மைக்கம்மாவின் தொண்டைக்கு வந்தது. எழுந்திருங்க என்று அவள் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தாள்.

வாசலில் கொழுந்தன் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார். இரண்டு பேரும் கவனிக்கவில்லை.