பச்சை எழுத்துப் பொட்டலம்

ஒரகடத்தில் கனகம் வேலை பார்க்கும் கம்பெனியில் நான்கு நாள் ஷட்டவுன் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே, இந்தத் தடவை ஊட்டிதான் என்று அவள் புருஷன் கோபால் சொல்லிவிட்டான். கோபால் இன்னொரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவன். பதினோரு வருஷமாக ஊரில் இருக்கிறவனையெல்லாம் நான் ஏற்றி இறக்குகிறேன், ஒருதடவையாவது எவனாவது ஓட்ட நான் ஜன்னலோரம் உட்கார்ந்து வரவேண்டும் என்பது அவன் ஆசை. அவர்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பேசினார்கள். மூத்த மகள் இசைவாணி, ஒன்பது வயசு, பள்ளிக்கூடம் பூராவும் சொல்லி முடித்துவிட்டாள்.

கனகத்துக்கு மட்டும் அன்றிலிருந்து பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. வளைவில் வேன் உருண்ட கதையும், குளிரில் விறைத்த கதையும்தான் கேட்டிருக்கிறாள். போதாததற்கு, ஊட்டியில் துணி காயாது, பைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், அந்த வாடை பட்டால் சின்னப் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிடும் என்று கம்பெனி லைனில் பக்கத்தில் நிற்கும் அமலா சொல்லிவைத்தாள். சின்னவள் நிலாவுக்கு இரண்டரை வயசு. மழை வந்தாலே நெஞ்சு கர்கர் என்று இழுக்கும்.

ஈரம் வராமல் எப்படிக் கட்டுவது என்பது கனகத்துக்குத் தெரிந்த வேலைதான். எட்டு மணி நேரம் நின்று அவள் செய்வதே அது. கப்பலில் போகும் வண்டிச் சாமான்களை மஞ்சள் பிளாஸ்டிக் பையில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியே தள்ளி, ஈரத்தை உறிஞ்சுகிற ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்து, டேப் ஒட்ட வேண்டும். அந்தப் பொட்டலத்துக்கு லைனில் ஜெல் என்று பெயர். கீழே விழுந்தது, ஓரம் கசங்கியது எல்லாம் சிவப்புத் தொட்டிக்குப் போகவேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போன வருஷம் இரண்டு ஜோடி கையுறையை டிபன் பையில் வைத்துக்கொண்டு போன ஒரு பெண்ணை, கேட்டில் பிடித்து மறுநாளே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அது தெரிந்தும், சிவப்புத் தொட்டிக்குப் போகவேண்டிய பொட்டலங்களில் ஒன்றிரண்டாக எடுத்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து, ஒரு மாசத்தில் பத்துப் பதினைந்து சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்டைத் தாண்டும்போது காது அடைத்துப்போகும்.

வேன் சாயங்காலம் ஐந்து மணிக்கு. மதியம் சாப்பாடு முடிந்ததும் கனகம் பாயை விரித்துக் கட்ட ஆரம்பித்தாள். நிலாவின் ஸ்வெட்டர் ஒரு பை, கம்பளி ஒரு பை, இருமல் மருந்து ஒரு பை, எல்லாவற்றுக்குள்ளும் ஒரு ஜெல். காலையில் கோபால் டூட்டிக்குக் கிளம்பும்போதே, எடுத்துவைத்திருந்த பைகளையும் ஜெல்லையும் பார்த்து, நம்ம போறது ஊட்டிக்கா, இல்ல நம்மள ஜெர்மனிக்கு எக்ஸ்போர்ட் பண்றியா என்று கிண்டல் அடித்துவிட்டுத்தான் போனான். முறுக்கு நமத்துப்போகுமே என்று நினைத்து முறுக்கு டின்னுக்குள்ளும் ஒன்றைப் போட்டாள். லைனில் வேலை செய்கிற பெண்கள் பாதிப் பேர் வீட்டில் உப்பு ஜாடியிலும் அப்பளத்திலும் அது கிடக்கும். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

கொடியில் கிடந்த துண்டுகளை எடுக்கப் பின்பக்கம் போனாள். தங்கச்சியைப் பார்த்துக்கொள் என்று இசைவாணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். துண்டை உதறி, மடித்து, பக்கத்து வீட்டு பேச்சி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்ப ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இசைவாணி கண்ணாடி முன்னால் நின்று குல்லாய் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா திறந்த டின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் முறுக்கு. இன்னொரு கையில் ஓரம் கிழிந்த பொட்டலம். உதட்டிலும் தாடையிலும் வெள்ளை வெள்ளையாக மணிகள் ஒட்டியிருந்தன.

"சக்கர நல்லால்ல," என்றாள் நிலா.

கனகம் பாய்ந்து பிள்ளையைத் தூக்கி மடியில் கவிழ்த்து, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். நாலைந்து மணி விரலோடு வந்தது. பாயில் கொஞ்சம் சிந்திக் கிடந்தது. பொட்டலம் முக்கால்வாசி காலி. மீதி எங்கே? எவ்வளவு உள்ளே போயிருக்கும்? நிலா வீறிட்டு அழுதாள், ஓங்கரித்தாள், எச்சிலைத் துப்பினாள். பிறகு தண்ணி வேணும் என்றாள்.

இசைவாணி ஓடிப்போய்ச் சொம்பை எடுத்துவந்தாள். கனகம் அதைத் தட்டிவிட்டாள்.

தண்ணீர் பட்டால் ஜெல் என்ன செய்யும் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒருநாள் டீ இடைவேளையில் அமலா விளையாட்டுக்கு ஒரு பொட்டலத்தைப் பிரித்து டம்ளர் தண்ணீரில் கொட்டினாள். மணி ஒவ்வொன்றும் படபடவென்று வெடித்தது. டம்ளர் சுட்டது. எல்லாரும் சிரித்தார்கள், கனகமும் சிரித்தாள். இப்போது அந்தப் படபட சத்தம் பிள்ளை வயிற்றுக்குள் கேட்கிறாற்போல் இருந்தது.

சத்தம் கேட்டு பேச்சி வந்துவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, மூன்று பிள்ளை பெற்றவள்.

"உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்துட்டி, வாந்தி எடுத்தா எல்லாம் வெளிய வந்துரும்."

"தண்ணி மட்டும் வேணாம் யக்கா. தண்ணி பட்டா கொதிக்கும் அது."

"பிள்ளை நாக்கு வறண்டு கேக்குதுல்லா?"

"அதுதான் அத்தோட வேலையே. ஈரத்த உறிஞ்சிக்கினுதான் கீது உள்ள."

பேச்சி ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள். கனகம் கோபாலுக்கு அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. பஸ் ஓட்டும்போது போனைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டவேண்டும் என்பது அவன் கம்பெனி சட்டம். நிலா அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணி, தண்ணி என்று ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதது. கனகம் அதன் முதுகைத் தடவினாள். தாகத்துக்கு அழுகிற பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத தாய் இந்த உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது, என்ன சாப்பிட்டாள் என்றுதான். பொட்டலத்தில் எழுதியிருந்ததெல்லாம் இங்கிலீஷ். இசைவாணி அதை நீட்டிப் பிடித்துப் படித்தாள். சாப்பிடக் கூடாது என்று போட்டிருக்கிறதாம், பெயர் இருந்த இடம் கிழிந்துபோயிருக்கிறதாம்.

அப்போதுதான் கனகத்துக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. போன மாசத்திலிருந்து லைனில் இரண்டு வகைப் பொட்டலம் வருகிறது. அளவில் இரண்டும் ஒன்றுதான். புதுசாக வந்ததைத் தொட்டால் கை எரியும் என்று சொல்லி, கையுறை இல்லாமல் எடுக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் மணிகண்டபிரபு இரண்டு தடவை மீட்டிங் போட்டுச் சொன்னார். எது எது என்று கவனித்து எடுக்க அவளுக்கு நேரம் ஏது? கேமரா பார்க்காத நேரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள்.

விஷயம் தெரிந்தவர் அந்த ஒரு மனுஷன்தான். அவரைக் கேட்கவேண்டுமென்றால், அந்தப் பொட்டலம் உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கனகம் ஒரு மூச்சு நேரம் நின்றாள். அந்த ஒரு மூச்சு நின்றதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"சார், நான் பேக்கிங் கனகம். எங்கொழந்த ஜெல்லத் துன்னுட்டா சார்."

அந்தப் பக்கம் ஷட்டவுன் ரிப்பேர் நடக்கிற மிஷின் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம். சத்தம் நின்றது.

"எந்த ஜெல்லு?"

"நம்ம லைன்ல போடறது சார். நான்தான் எடுத்தாந்தேன். ஊட்டிக்குத் துணி கட்ட."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, கவனமாக் கேளுங்க. மேல எழுத்து என்ன கலரு? பச்சையா, சிவப்பா?"

வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. கனகம் பிள்ளையோடு வாசலுக்கு ஓடி, பொட்டலத்தை வெயிலில் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றதில் எழுத்து ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பச்சை. இருந்தும் தன் கண்ணை நம்பாமல் இசைவாணியைக் கேட்டாள். அவளும் பச்சை என்றாள்.

"பச்ச சார்."

"உள்ள இருந்தது கண்ணாடி மாதிரி உருண்ட மணியா, மாவு மாதிரி தூளா?"

"மணி சார். உருண்ட மணி."

"அப்போ அது விஷம் இல்லக்கா. எரியறது சிவப்பு எழுத்து. கொழந்த மூச்சு நல்லா விடுதா? பேசுதா?"

"தண்ணி தண்ணின்னு அழுவுது சார். நான் குடுக்கல. வெடிக்கும்னு."

வாய் ஈரத்திலேயே அது ஊறியிருக்கும், இனி வெடிக்காது என்றார் அவர். அப்புறம், தண்ணி குடுங்க என்றார். ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக, பிள்ளையை உட்காரவைத்துக் கொடுங்கள், தொண்டையில் மாட்டியிருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும், உடனே கிளம்புங்கள், பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள் என்றார். வைக்கும் முன்னால் குரல் மாறியது.

"மிச்சம் இருக்கறத வேல தொறந்த அன்னிக்கு எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. அதுவரைக்கும் யாருகிட்டயும் பேசாதீங்க."

அது காப்பாற்றுகிற பேச்சா, மாட்டிவைக்கிற பேச்சா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. இசைவாணி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நிலா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து இழுத்தது. ஒரு மடக்கு கொடுத்துவிட்டுப் பிடுங்கினாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கி, வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். எதுவும் வெடிக்கவில்லை. குளுக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொரு மடக்கு கொடுத்தாள். திரும்பவும் காதை வைத்தாள். ஆட்டோ வந்து நின்று பேச்சி கையைப் பிடித்து இழுக்கிறவரை அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

படப்பையில் ஒரு கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகாது, வெளியே போய்விடும் என்றார். ஆனால் மூச்சுக்குழாயில் ஒரு மணி போயிருந்தாலும் தொந்தரவு, ஏற்கெனவே இழுப்பு இருக்கிற பிள்ளை வேறு, இன்றைக்கும் நாளைக்கும் இருமலோ திணறலோ வருகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். முதலில் சொன்னது பேச்சி காதில் விழுந்தது. பிறகு சொன்னதுதான் கனகம் காதில் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது கோபால் காக்கிச் சட்டையோடு வாசலில் நின்றான். எல்லாவற்றையும் சொன்னாள், கேட்டில் தப்பித்ததையும் சூப்பர்வைசரிடம் ஒத்துக்கொண்டதையும் விடாமல் சொன்னாள். அவன் நிலாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வேல போனா போவுது என்று மட்டும் சொன்னான்.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. டாக்டர்தான் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டாரே, மெதுவாகப் போகலாம், நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று கோபால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கனகம் ஒத்துக்கொள்ளவில்லை.

"மலை மேல பாதி ராஸ்தாவுல மூச்சு முட்டிச்சின்னா, நான் யார்கிட்ட ஓடுவேன்? நீ பெரியவள இட்டுக்கினு போ."

"நீயும் கொழந்தையும் இல்லாம நாங்க இன்னாத்துக்கு?"

"அவ ஒரு மாசமா சொல்லிக்கினு கீறா. போ."

இசைவாணி தான் வரவில்லை என்றாள். தங்கச்சியைப் பார்க்காமல் விட்டது தான்தானே என்று அழுதாள். கனகம் அவள் கன்னத்தைத் துடைத்து, டின்னுக்குள் போட்டது நான், நீ இல்லை, என்று சொல்லி வேன் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றினாள். மூட்டையைப் பிரித்துத் தன் புடவையையும் நிலாவின் துணியையும் எடுத்துக்கொண்டாள். மற்ற பைகளில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தேடி வெளியே எடுத்த பிறகுதான் மூட்டையை உள்ளே வைக்கவிட்டாள்.

வேன் போனது. பேச்சி இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டு, நீயும் கொஞ்சம் படுட்டி என்று சொல்லிவிட்டுப் போனாள். நிலா அழுத களைப்பில் பாயிலேயே தூங்கிவிட்டது. கனகம் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் மூக்குக்குக் கீழே சுட்டுவிரலை வைத்துப் பார்த்தாள். சூடாகக் காற்று வந்தது. நின்றது. வந்தது. நிலா தூக்கத்தில் புரண்டு அந்த விரலைத் தட்டிவிட்டது. கனகம் திரும்பவும் வைத்தாள்.