ஒன்பதில் மூன்று போக

வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணைக் கேட்டு எழுதுவதுதான் அவசரப் பிரிவின் வாசல் மேசையில் என் வேலை. ஏழும் அதற்கு மேலும் என்றால் நேரே உள்ளே. ஆறு என்றால் பெஞ்சு. சேர்ந்த முதல் நாளே தலைமை நர்ஸ் காதோடு காதாகச் சொன்னாள்: "உங்க ஆளுங்க ஒன்பதுன்னு சொன்னா ஆறுன்னு போடு. எதையும் ஊதித்தான் சொல்வாங்க." எங்கள் ஆட்கள் என்றால் இங்கே பிழைக்க வந்த கறுத்த தோல்காரர்கள். எனக்கும் அதே தோல்தான். வெட்கங்கெட்டுத் தலையாட்டினேன். ஏழு வருஷமாகக் கழித்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மதியம் என் தங்கையை அவள் புருஷன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றாள்.

"எவ்வளவுடி?"

"ஒன்பதுக்கா. தாங்க முடியல."

தலைமை நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சு நமக்கு எதற்கு என்று ஆறு எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தூ! சீட்டைத் தங்கை கையிலேயே கொடுத்தேன். எண்ணைப் பார்த்துவிட்டு, குனிந்தபடியே பெஞ்சுக்குப் போனாள்.

மூன்று மணி நேரம் பெஞ்சில் கிடந்தாள். முனகல் பலத்தபோது நானே போய், "கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கடி, எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது" என்றேன். கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வந்த பெரிய டாக்டர், "பரவால்லயே, அடங்கிடுச்சு போல" என்று தாண்டிப் போனார். கடைசியில் உள்ளே கொண்டுபோய்ப் பார்த்தபோது குடல்வால் வெடித்திருந்தது. அறுத்துத் தைத்த பிறகும், பிழைப்பாளா என்று ஐந்து நாள் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஐந்து நாளுக்குள் ஒரு கூட்டம். இனம் பார்த்து வைத்தியம் நடக்கிறதா என்று ஆராயும் குழுவாம்; வாசல் மேசைக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காபி, பிஸ்கட், சுவரில் கலர் கலராகக் கட்டங்கள். பெரிய டாக்டர் பெருமையாகக் காட்டினார்: "வலி ஆறுன்னு பதிவானவங்க எந்த இனமா இருந்தாலும் ஒரே அளவு நேரந்தான் காத்திருக்காங்க. நம்மகிட்ட பாகுபாடே கிடையாது." கைதட்டினார்கள். நான் எழுந்தேன்.

"அந்த ஆறே பொய் சார். எங்க ஆளுங்க ஒன்பதுன்னா ஆறுன்னுதான் இங்க எழுதுறோம். என் தங்கச்சிக்கும் அப்படித்தான்."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"பாத்தீங்களா, அவங்க ஆளே எழுதினது" என்று குழுவைப் பார்த்துச் சிரித்தார். தலைமை நர்ஸ் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக் காபியில் நனைத்தாள்.

ஆறாம் நாள் தங்கை கண் திறந்தாள். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது. வலி மருந்தை எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்ய அவளிடம் எண் கேட்டாக வேண்டும். வேறு யாரும் கேட்க வேண்டாம் என்று நானே போனேன்.

"எவ்வளவுடி வலிக்குது?"

என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"நான் சொல்லி என்னக்கா ஆகப்போகுது? நீயே ஏதாவது போட்டுக்க."