கார்டுக்கு ஒரு போர்வை

இப்போதுள்ள ஜனங்கள் மெஷின் வைத்து வீட்டுக்குள்ளே குளிரைக் கொண்டுவருகிறார்கள். பிறகு அந்தக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தலையணை கனத்தில் பஞ்சுப் போர்வையும் வாங்குகிறார்கள். அது பழசானால் குப்பைக்காரன் எடுக்க மாட்டான், எரித்தால் நாறும். அப்போதுதான் தர்மம் ஞாபகத்துக்கு வரும். வேனில் ஏற்றிப் பொன்முடி மலைக்குக் கொண்டுவந்து, எங்களை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

போன டிசம்பரில் திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்து ஃபிளாட் ஒன்றிலிருந்து அப்படி ஒரு வேன் வந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பினார்களாம். கூட வந்தவர் ஆனந்தகிருஷ்ணன், அந்த ஃபிளாட் அசோசியேஷனுக்குச் செயலாளர். தன்மையாகத்தான் பேசினார். தன்மையாகப் பேசுகிறவர்களை எழுபத்தொரு வயது வரைக்கும் நிறையப் பார்த்துவிட்டேன்.

தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின எங்கள் லயத்தில் பத்து வாசல். எங்கள் வாசலுக்குள் நடுவே பலகை அடித்து, ஒரு பக்கம் என் மூத்தவன் சிபியும் அவன் பெண்சாதி ஆர்ஷாவும். மறுபக்கம் இளையவன் ஷிஜுவும் நீதுவும், அவர்களோடு நானும். அடுப்பு இரண்டு, கதவு நம்பர் ஒன்று, ரேஷன் கார்டு ஒன்று. கார்டு ஆர்ஷா பேரில். கல்லாற்றுக்காரி நீதுவை ஷிஜு யாரையும் கேட்காமல் கூட்டிவந்தான் என்று, அவள் பேரைக் கார்டில் சேர்க்க சிபி ஒப்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நீதுவுக்குப் பிள்ளை பிறந்து அன்றைக்கு இருபது நாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்தது. கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும். மழை விட்டும் லயத்துச் சுவரில் ஈரம் காயவில்லை. எத்தனை பழஞ்சேலை சுற்றினாலும் பிள்ளையின் கால் நீலமாகிவிடும். உடம்புச் சூடு இறங்கினால் பிள்ளை தங்காது என்று ஆஸ்பத்திரி நர்சு கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆர்ஷா கார்டைக் காட்டிப் போர்வை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து நீது பிள்ளையை மாரோடு ஒட்டிக்கொண்டு போய் நின்றாள். ஆனந்தகிருஷ்ணன் பட்டியலைப் புரட்டினார்.

“உங்க பேரு இதுல இல்லையேம்மா. ஒரு கார்டுக்கு ஒண்ணுதான்.”

“கார்டுல இல்லேன்னா பிள்ளைக்குக் குளிராதா சாரே?”

நானும் கிட்டே போனேன். “பச்சப்பிள்ள சாரே. வண்டியில இன்னும் கெடக்குதே.”

“அது கீழ் லயத்துக்கு எண்ணி வெச்சிருக்கு பெரியவரே. மாத்திக் குடுத்தா அசோசியேஷன்ல என்னைத்தான் கேப்பா.”

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற ஷிஜு நேரே அண்ணனிடம் போனான். சிபி அப்போதுதான் தேயிலைக் கவாத்து முடிந்து வந்து, போர்வையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணா, இதப் பிள்ளைக்குத் தா. அடுத்த மொற வாறத நீ எடுத்துக்க.”

“எந்தப் பிள்ளைக்கு? கார்டுல உண்டா அது?”

“நீ சேத்திருந்தா உண்டும்.”

“கோழிக்குஞ்சுதானே லேய்? உம் பெண்டாட்டிய அடைகாக்கச் சொல்லு.”

ஆர்ஷா சிரித்தாள்.

ஷிஜு போர்வையின் முனையைப் பிடித்து இழுத்தான். சிபி எழுந்து முழங்கையால் அவன் மூக்கில் இடித்தான். எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியும் ஷிஜு பிடியை விடவில்லை. மறு கையால் வாசலுக்கு முன்னால் ஓடுகிற ஓடையின் கரைக் கல் ஒன்றை எடுத்து அண்ணனின் வாயில் அடித்தான். சிபி இரண்டு பல்லைத் துப்பினான். துப்பிவிட்டு இடுப்பிலிருந்த கவாத்துக் கத்தியை உருவினான். விரல் கனத் தேயிலைக் கொம்பை ஒரே வெட்டில் எடுக்கிற கத்தி அது.

ஷிஜு போர்வையைத் தூக்கி முன்னால் பிடித்தான். கத்தி அதைக் கிழித்துக்கொண்டு போய் அவன் முன்கையில் இறங்கியது. கிழிசல் வழியே வெள்ளைப் பஞ்சு பொங்கியது, பொங்கிய வேகத்தில் சிவந்தது. வரிசையில் நின்ற பத்து வீட்டு ஜனமும் ஓடியது. சிபி மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை கழுத்துக்கு.

நான் கதவோரம் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டேன். கத்தி விழுந்தது. அது போதாது என்று எனக்குத் தோன்றியது. இன்னொன்று போட்டேன். கை வேறு பக்கமாகத் திரும்பித் தொங்கியது. மூன்றாவதும் போட்டிருப்பேன், ஆர்ஷா என் காலைக் கட்டிக்கொண்டாள்.

“மாமா, போதும் மாமா! செத்துப்போவாரு!”

“சாகட்டும். இப்போ சிரி.”

ஆனந்தகிருஷ்ணன் வேனுக்கு ஓடினார். மடிப்புக் கலையாத போர்வை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இந்தாங்கோ பெரியவரே. மொதல்ல கொழந்தைக்குச் சுத்துங்கோ.”

“கீழ் லயத்துக்கு எண்ணினதில்லியா சாரே?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

“பத்து நிமிஷம் முந்திப் பாத்திருக்கலாமே.”

அவர் போர்வையை நீதுவிடம் நீட்டினார்.

நீது அதை வாங்கிப் பிள்ளையைச் சுற்றினாள். மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவளை டிரைவர் பக்கத்தில் ஏற்றினோம். பின்னால் போர்வைக் கட்டுகளுக்கு இந்தப் புறம் ஷிஜு, கையில் என் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். அந்தப் புறம் சிபி, ஒடிந்த கையை மடியில் வைத்து முனகிக்கொண்டிருந்தான். ஆர்ஷா அவனைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டி ஏது?

ஆனந்தகிருஷ்ணன் ஏறாமல் என்னிடம் வந்தார்.

“இனிமே கார்டெல்லாம் கேக்க மாட்டோம் பெரியவரே. ஆளுக்கு ஒண்ணு. மீட்டிங்ல சொல்லி மாத்திடறேன். இந்தப் பொண்ணு பேரைக் கார்டுல சேக்கவும் நானே ஆபீஸ்ல பேசறேன்.”

“ஓ.”

“நம்பிக்கை இல்லையா?”

“வண்டிய எடுக்கச் சொல்லும் சாரே. எறங்க இருவத்திரண்டு வளைவு இருக்கு.”

அவர் ஏறும்வரை நான் காத்திருக்கவில்லை. தேயிலைக்கு நடுவே மேலே போகிற பாதையில் ஏறினேன். பின்னாலிருந்து அவர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டிங், லிஸ்ட் என்று ஏதோ காதில் விழுந்தது. நான் திரும்பாமல் நடந்தேன்.