கதவுக்குப் போன பளபளப்பு

...இல்லை, இது ரொம்ப மஞ்சள், மஞ்சள்கூட இல்லை, பழைய வார்னிஷ் டின்னின் அடியில் தங்குமே அந்த நிறம், இதைப் போய் ஒரு பெண் கன்னத்தில் தடவிக்கொள்வாளா... தடவிக்கொள்வாள் போலிருக்கிறது, அட்டையில் ஒருத்தி தடவிக்கொண்டு சிரிக்கிறாளே. மருந்துக்கடையின் இந்த மூலைக்கு நான் இதுவரை வந்ததில்லை, இருமல் மருந்து, தலைவலி மாத்திரை, முதுகுக்குக் களிம்பு, அதோடு என் எல்லை முடிந்துவிடும், அதைத் தாண்டி உள்ளே இப்படி ஒரு பளபளப்பு உலகம் இருப்பது முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கிற எனக்கே தெரியாது. விலை குறைந்ததெல்லாம் கீழ்த்தட்டில், குனிந்தால் முழங்கால் சத்தம் போடுகிறது. தடவிப் பார்ப்பதற்கென்று மூடியில்லாத டப்பாக்கள் ஆறேழு வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் யார் யாரோ விரலை வைத்து நடுவில் குழி விழுந்திருக்கிறது. நான் விரலை வைத்ததும் பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்கட்டும். மகளுக்கும்மா என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை, அப்படியென்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதானே என்று கேட்டுவிட்டால்? மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை என்றா சொல்வது, அதுவும் என் முட்டாள்தனத்தால் என்றா...

முட்டாள்தனம் என்றால் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இல்லை, பெயிண்டர் மட்டுமே செய்யக்கூடியது. பல் டாக்டரம்மாவின் கிளினிக் கதவு. வெறும் வார்னிஷ் வேண்டாம், மின்ன வேண்டும், ஆனால் மின்னுகிறது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றார். அதற்கு முத்துத் தூள் என்று ஒன்று இருக்கிறது, வார்னிஷில் கொஞ்சம் கலந்து அடித்தால் வெளிச்சம் படும்போது மட்டும் கதவு கண்ணைச் சிமிட்டும். கம்பெனிக்காரர்கள் அதைச் சின்ன உருண்டை டப்பாக்களில் மாதிரிக்குத் தருவார்கள், எல்லாவற்றையும் ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பேன், காலி டப்பாவைத் தூக்கிப் போடவும் மனம் வராது. அன்று காலை அவசரத்தில் கையை நீட்டினேன், ஒரு டப்பா கனத்தது, திறந்தேன், தூள் இருந்தது, பையில் போட்டேன், அவ்வளவுதான். மகள் கன்னம் மினுங்கத் தடவிக்கொள்கிற ஹைலைட்டர் கட்டி கீழே விழுந்து நொறுங்கியதும், அதை வீணாக்காமல் அவள் பொடித்து என் காலி டப்பாவிலேயே போட்டு வைத்ததும் எனக்கு எப்படித் தெரியும்? டப்பா என்னுடையது, ஜன்னல் என்னுடையது, தூள் மட்டும் அவளுடையது. கலக்கும்போதே நினைத்தேன், என்ன இவ்வளவு மிருதுவாக இருக்கிறது, புதுச் சரக்கோ என்று. கதவு... சொல்லக்கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்நாளில் அப்படி ஒரு கதவு எனக்கு அமைந்ததில்லை. டாக்டரம்மா வேலையைப் பாதியில் விட்டு எழுந்து வந்து பார்த்தார், நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவரும் திறந்த வாயோடு தலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு கதவுக்கும் அதே மாதிரி வேண்டுமாம். நான் எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்து கதவைப் பற்றி நான் பெருமையடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் ஜன்னலோரம் தேடிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து காலி டப்பாவை எடுத்து வைத்தேன். அவள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி டப்பாவைப் பார்த்தாள். சிரிக்கப்போகிறாள் என்று நான் முதலிலேயே சிரித்துவிட்டேன், அதுதான் பெரிய தப்பு. "ரெண்டு மாசமா தினமும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் உங்க எதிர்ல உக்காந்து சாப்பிடுறேன். ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பாத்திருந்தீங்கன்னா, தூளைப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும்பா." அவ்வளவுதான் சொன்னாள், குரலைக்கூட உயர்த்தவில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவள் அம்மாவைப் பார்த்தேன், எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று, அவளோ தட்டைக் கழுவிக்கொண்டே, அவ சொன்னதுல என்ன தப்பு என்றாள். அன்றிலிருந்து எல்லாம் அம்மா வழியாகத்தான். "அம்மா, பெட்டிக்குப் பூட்டு இருக்கான்னு அப்பாகிட்ட கேளு." நான் அதே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறேன். நாளைக் காலை ரயில். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, முதல் வேலை, தங்குவதற்கு விடுதி, இரண்டு பெட்டியும் கதவோரம் வந்து உட்கார்ந்துவிட்டன. இப்படியே பேசாமல் வண்டி ஏறிவிட்டாள் என்றால், அப்புறம் போனில் மட்டும் என்ன பேசுவாள், அம்மாவைக் கூப்பிடுங்க என்பாள், நானும் கூப்பிடுவேன்...

சரி, நிறம். நிறத்துக்கு நான் பயந்தவன் இல்லை. யார் வீட்டுச் சுவரையும் ஒரு தடவை பார்த்தால் போதும், பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் கலந்து கொடுப்பேன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. முழங்கையின் உள்பக்கம்தான் கொஞ்சம் வெளுப்பாக, சுவருக்குப் பூசுகிற பட்டித் தூள் படாமல் இருந்தது, அங்கே வரிசையாகக் கோடு போட்டேன். முதல் கோடு அந்த டின் அடி வார்னிஷ். இரண்டாவது ரோஸ் கோல்டாம், பெயரில்தான் தங்கம், தடவினால் சூடுபட்ட தோல். மூன்றாவது ஷாம்பெயின் என்று போட்டிருந்தது, நான்காவது வெறும் வெள்ளிப் பூச்சு, கம்பிக் கதவுக்கு அடிக்கலாம். ஆனால் டியூப் லைட்டில் நிறம் பார்க்கிறவன் பெயிண்டரா? டியூப் லைட் பொய் சொல்லும். டப்பாவும் கையுமாக வாசலுக்கு நடந்தேன், பின்னாலேயே கடைப்பெண் ஓடிவந்தாள், "அங்கிள், அங்கிள், அது டெஸ்டர், வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது!" கடையே திரும்பிப் பார்த்தது. திருடனாகவும் ஆகிவிட்டேன், இது ஒன்றுதான் பாக்கியிருந்தது. டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு, என் கை என்னுடையதுதானேம்மா, அதையாவது வெளியே கொண்டுபோகலாமா என்றேன். சிரித்துவிட்டாள், நல்ல பெண், கூடவே வாசலுக்கு வந்து நின்றாள். வெயிலில் கையைத் திருப்பினேன். மூன்றாவது கோடு. அதேதான். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை, சாய்த்தால் சிமிட்டுகிறது, அந்த ஓரத்துச் செம்மை, அந்த அடங்கின மினுக்கு, சந்தேகமே இல்லை, அப்படியே கதவு. துள்ளிக் குதிக்காத குறைதான். மகளுக்கு, இதே டப்பா ஒண்ணு புதுசா குடும்மா என்றேன்.

அவள் உடனே எடுக்கவில்லை. "அக்காவோட ஸ்கின் என்ன கலர் அங்கிள்? மாநிறமா, செவப்பா, கறுப்பா? இது எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியாது." என்ன கேள்வி இது, என் மகளின் நிறம் எனக்குத் தெரியாதா, மாநிறம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்... மாநிறமா? என் மாதிரியா, அவள் அம்மா மாதிரியா? டாக்டரம்மா கிளினிக் முன்னறையின் நிறம் தெரியும், அதன் கூரையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் முடி கனத்தில் ஓடுகிற விரிசல் தெரியும், போன வருடம் பூசிய பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரில் எந்த இடத்தில் ஈரம் ஊறும் என்றுகூடச் சொல்வேன். அவள் முகத்தை நினைத்தால் ஐந்து வயசு முகம் வருகிறது, மூக்கு நுனியில் நீலப் பெயிண்டோடு, துடைக்க வேண்டாம் என்று அழுதாளே, அந்த முகம். அதை விட்டால் சாப்பாட்டு மேஜையில் குனிந்த தலை, போகும்போது பின்னால் ஆடுகிற பை. இருபத்தொரு வயசு முகம் எங்கே? போனை எடுத்தேன், படம் இருக்கும், இல்லாமலா போகும். சுவர், சுவர், ஜன்னல் சட்டம், சுவர், ஈரம் ஊறின சுவர், கதவு, கதவு, கதவு... கடைசியில் ஒன்றில் அவள் இருந்தாள், நிற அட்டையைச் சுவரில் சாய்த்துப் பிடித்திருக்கிற இரண்டு விரலும் ஒரு காதோரமும். அட்டை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நான்தான் கொஞ்சம் தள்ளி நில்லு என்று சொல்லியிருப்பேன்.

சுவரிலேயே அடித்துப் பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள் என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், கார்டைப் பார்த்துச் சொல்லாதீங்க சார், சுவர்தான் சொல்லும் என்று, இப்போது என் கையைப் பார்த்து நானே முடிவு செய்துகொண்டு நிற்கிறேன். மகளுக்கே போன் போட்டேன். எடுக்கமாட்டாள், எடுக்காவிட்டால் அவள் அம்மாவுக்கு... "சொல்லுங்கப்பா." என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன், வந்தது இதுதான். "மருந்துக்கடையில நிக்கிறேன்மா. அந்தத் தூளுக்குக் கலர் பாக்குறேன். நீ இல்லாம பாக்க முடியல." அந்தப் பக்கம் பெட்டியின் ஜிப் இழுக்கிற சத்தம், வைத்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். "எந்தக் கடை?" என்றாள்.

பத்து நிமிடத்தில் வந்தாள். வீட்டுச் செருப்போடு, தலையைக்கூடச் சரியாக வாராமல், வேகமாக நடந்து வந்த மூச்சோடு. வந்ததும் என் கையைப் பிடித்துத் திருப்பினாள், கண்ணாடிக் கடையில் நாளை மறுநாள் இப்படித்தான் வருகிறவர்களைப் பார்ப்பாளோ என்னவோ, அவ்வளவு கவனமாக ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், மூன்றாவதில் நின்றாள். "இதேதான்பா." நிமிர்ந்தாள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகத்தில் என்னவோ இளகியது. "அப்ப நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கீங்க."

கதவைப் பார்த்துத்தான்மா கண்டுபிடித்தேன், உன்னைப் பார்த்து இல்லை... சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும், நாளைக் காலை ரயில் இருக்கிறது. பெயிண்டர்னா சும்மாவா என்று ஏதோ உளறினேன். கடைப்பெண் டெஸ்டரை வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினாள், மகள் மோதிர விரலால் தொட்டு இரண்டு கன்னத்திலும் லேசாக ஒற்றிக்கொண்டு வெயில் பக்கம் திரும்பினாள், எப்படிப்பா இருக்கு என்றாள். பார்த்தேன். மாநிறம்தான், என்னை மாதிரியும் இல்லை, அவள் அம்மா மாதிரியும் இல்லை, எதோடு எதைக் கலந்தாலும் வருகிற நிறம் இல்லை, நெற்றியோரம் ஒரு மாதிரி, கண்ணுக்குக் கீழே இன்னொரு மாதிரி, நாளெல்லாம் நின்று கலந்தாலும் என்னால் கொண்டுவர முடியாது. இடது கண்ணுக்குக் கீழே, பளபளப்பு முடிகிற இடத்தில், கடுகளவு ஒரு மச்சம். இது எப்போது வந்தது? பிறந்ததிலிருந்து இருக்கிறதா, நேற்று வந்ததா? யாரைக் கேட்பது, அவளைக் கேட்டால் அவ்வளவுதான், அவள் அம்மாவைக் கேட்டால் அதைவிட மோசம்.

"என்னப்பா அப்படியே பாக்குறீங்க, இன்னும் காயலையா?" என்று சிரித்தாள்.

"இல்லம்மா," என்றேன், "இன்னும் கொஞ்சம் நில்லு."