ஒண்ணுமில்லீங்க

வெள்ளகோவிலில் முருங்கை விவசாயம் செய்யும் காளிச்சாமிக்கு ஈரலில் புற்று முற்றிவிட்டது. இருந்த மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் புது மருந்துச் சோதனைக்குச் சேர்ந்தார். குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்ப்பதுதான் சோதனை. அவருக்கோ அது கடைசிக் கதவு. குறை சொன்னால் சாத்திவிடுவார்கள் என்று பயம். தவிர, கொடுத்ததைக் குறை சொல்லிப் பழக்கமில்லை. சம்பந்தி வீட்டு உப்பில்லாத ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தவர்.

"வாந்தி இருந்துச்சுங்களா ஐயா?" சோதனையைக் கவனிக்கும் ரம்ஷா படிவத்தோடு உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"வயித்தால போச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"கால் மரத்துப்போகுதுங்களா?"

"சுத்தமா இல்லீங்க."

ரம்ஷா குனிந்து பார்த்தாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

"இன்னொண்ணு எங்கீங்க?"

காளிச்சாமியும் குனிந்து பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

"ஏனுங்க, இந்த வெயில்ல வெறுங்காலோடவா நடந்தீங்க? சுடலீங்களா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சாமியாத்தாள்.

"பஸ்ஸுல உட்டுப்போட்டனாட்ட இருக்குது."

ரம்ஷா பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க தாங்கிக்கிட்டீங்கன்னு எழுதுனா, அடுத்தவங்களுக்கு இன்னும் கூட்டிக் குடுப்பாங்க ஐயா."

அடுத்தவர் யாரென்று காளிச்சாமிக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் இருக்கும் போத்தனூர் அப்துல் முத்தலிப். திங்கட்கிழமை தனக்கும் ஆரம்பம் என்று சொல்லி, தன் இடியாப்பத்தில் பாதியைக் கொடுத்தவர். "மருந்து எப்படீங்க?" என்று அவர் கேட்டதற்கு, "பானகமாட்டம் இருக்குதுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குப் போய் அந்த இடியாப்பம் முழுவதையும் வாந்தியெடுத்தவர் இவர்.

"எழுதிக்குங்க அம்மணி," என்றார்.

படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது.

"இனி எனக்கு நிறுத்திப்போடுவீங்களா?"

"இப்போதைக்கு நிறுத்துவாங்க. குறைச்சுக் குடுக்கலாமான்னு டாக்டர்தான் சொல்லணும். பாய்க்கும் திங்கக்கெழமை வேண்டாம்னு சொல்லிடறேன்." அவள் எழுந்து போனாள்.

சாமியாத்தாள் நாற்காலியை அவரருகே இழுத்துப் போட்டாள். "அப்ப, தண்ணி குடிக்கப் போறேன்னு எந்திரிச்சுப் போனதெல்லாம்?"

காளிச்சாமி இருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"எனக்குச் சொல்லுங்க. மொதல்ல இருந்து."

"அதான் அந்த அம்மணிகிட்டச் சொன்னனே."

"அது ஆஸ்பத்திரிக்குச் சொன்னது."

அவள் அவருடைய மரத்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காளிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, வாந்தியிலிருந்து ஆரம்பித்தார்.