மூன்று நாள் ஊறிய தேநீர்

சனிக்கிழமை காலையில் அவர் வீட்டில் கடைசியாகச் செய்த வேலை, தேயிலையை மெல்லிய துணியில் முடிந்து, குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடியின் தண்ணீருக்குள் இறக்கியது. கொதிக்கவைக்கவே மாட்டார். "அவசரப்படுத்தினா டீ கோவிச்சுக்கும். குளிர்ச்சியிலயே மெல்ல இறங்கட்டும்" என்பார். அந்த ஜாடிக்காக ஃபிரிட்ஜின் ஒரு தட்டைக் கழற்றிப்போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது.

ஜாடியின் குழாய் சொட்டும். அடியில் ஒரு கிண்ணம் இருக்கும்.

"ஊர்க் குழாயெல்லாம் அடைக்கிற பிளம்பர் வீட்டுல இந்த லட்சணம்" என்றாள் மனைவி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"பிளம்பருக்கே தண்ணி காட்டுற குழாய்ம்மா இது. நாளைக்குப் பாத்துடறேன்."

யார் வீட்டு மொட்டைமாடியிலோ தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியோரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு அடக்கம். திங்களன்று உறவினர்கள் கிளம்பிப் போனார்கள். செவ்வாய் சாயங்காலம் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் ஜாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். துணிமுடிச்சு உள்ளேயே கிடந்தது. ஞாயிறு காலையில் எடுத்திருக்க வேண்டியது. தேநீர் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். நாக்கே மடங்கிவிட்டது.

மூன்று நாளைக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். இன்று மூன்றாம் நாள். வைத்திருந்தால் கெட்டுப்போகும். கொட்டினால் அவர் கையால் போட்ட கடைசிக் கஷாயம் சாக்கடைக்குப் போகும். அவள் ஒருத்தி குடித்துத் தீராது.

ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அவர் ஜாடியை அவர்கள் குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, பழைய ஸ்பேனரால் கைப்பிடிக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவார். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளி நூலகத்தில் வாரம் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சல். ஞாயிறாவது நிம்மதியாகப் படிக்க வேண்டும். வெளியே பேச்சுமூச்சே இருக்காது. நாலைந்து பேர் வந்து போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அவர் காலி ஜாடியோடு உள்ளே வரும்போது, "எல்லாத்தையும் நீங்களே குடிச்சிட்டீங்களா?" என்று கேலி செய்வாள். அவர் சிரிப்பார்.

முடிச்சை வெளியே எடுத்தாள். அவிழ்க்க மனம் வரவில்லை. சர்க்கரைப் பாகு காய்ச்சி ஆறவிட்டு, எலுமிச்சை பிழிந்து, ஆறு டம்ளர்களோடு ஜாடியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தாள். ஸ்பேனரால் தட்டிய முதல் தட்டில் சத்தமே வரவில்லை. பிறகு மூன்று முறை ஓங்கித் தட்டினாள்.

மேலேயும் கீழேயும் கதவுகள் திறந்தன. திறந்துகொண்டே இருந்தன. நைட் டியூட்டிக்குக் கிளம்பிய நர்ஸ், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர், அவர் மனைவி, பஸ் டிரைவர், இடுப்பில் குழந்தையோடு இரண்டு பேர், முன்பின் பார்த்தறியாத முகங்கள். ஆளுக்கொரு டம்ளர் கையில். ஒருவர் காலிலும் செருப்பில்லை. முப்பத்தொன்று வரை எண்ணினாள். கீழ்ப்படி வளைவில் இன்னும் தலைகள் தெரிந்தன.

"அண்ணி, நீங்களா தட்டினீங்க?" நர்ஸ் கிசுகிசுத்தாள்.

"ஏம்மா இவ்ளோ மெதுவாப் பேசறே?"

தையல்காரர்தான் பதில் சொன்னார், அவரும் ரகசியக் குரலில். "அண்ணன் போட்ட சட்டம் அண்ணி. 'உள்ள எங்க வீட்டம்மா படிக்கிறா, சத்தம் கேட்டுது, டீ கட்'னுடுவார். எங்க வீட்டு வாயையே அடக்கிவெச்ச ஒரே ஆளு அவருதான்."

"உங்க வாய் மட்டும் என்ன, தெச்சா வெச்சிருந்தீங்க?" அவர் மனைவியும் அதே கிசுகிசுப்பில் கடித்தாள்.

அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். பதினோரு வருடம். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் ஏடு புரட்டினாள். அந்தப் பக்கம் இத்தனை பேர், பச்சைக்குழந்தை உட்பட, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மூச்சை அடக்கிக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தானாகக் கிடைத்தது என்று அவள் நினைத்திருந்த அமைதியை அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

"கசக்கும்" என்றாள். "முடிச்ச எடுக்க ஆளில்லாமப் போச்சு."

"அதுக்கென்ன, தண்ணி விட்டுக்கலாம்." நர்ஸ் ஓடிப்போய்க் குடத்தோடு வந்தாள்.

பாதி தேநீர், பாதி தண்ணீர். நிறம் மங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர். அப்போதும் மங்கவில்லை. வழக்கமாகக் கடைசியில் நிற்பவர்களுக்கு ஐஸ் கட்டிதான் மிஞ்சுமாம். அன்று கீழ்ப்படி வளைவில் நின்றவருக்கும் டம்ளர் நிறைந்தது. டிரைவர் இரண்டாவது டம்ளரை நீட்டினார். அதுவும் நிறைந்தது. அவள் ஜாடியையே வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குழாய நான் மாத்தித் தரட்டுமா அண்ணி? சொட்டுதே" என்றார் டிரைவர்.

"வேண்டாம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "இனிமே சத்தமாவே பேசுங்க" என்றாள்.

யாருக்கும் சத்தமாகப் பேச வரவில்லை. பழக்கம். முப்பது நாற்பது பேர் நின்ற படிக்கட்டில், கிண்ணத்தில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.