மாமியின் றெக்கோடர்

மாமி செத்த முப்பத்தோராம் நாளுக்கு அவரின் குரலிலேயே செபமாலை போகவேண்டுமாம். பிரான்சிலிருந்து என் கணவரின் கட்டளை.

மாமியின் பழைய றெக்கோடரில் வயர் செருகும் துளை வங்காலைக் கடற்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை ஒலிக்கவிட்டு, பக்கத்தில் போனை வைத்துப் பதிவதைத் தவிர வழியில்லை. சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வியர்வையில் குளித்தபடி உட்கார்ந்தேன்.

“அருள் நிறைந்த மரியே…” என்று மாமி தொடங்கி, மற்றப் பாதிக்காக நிறுத்தினார். என் வாய் தானாகவே “புனித மரியே” என்றது. போனில் பதிந்ததை உடனே அழித்தேன். இரண்டாம் முறையும் அதே கதைதான். சிறுவயதிலிருந்து பழகிய வாய், யார் தொடங்கினாலும் முடித்து வைக்கும்.

விசயத்தைச் சொன்னதும் போனில் கணவர் சீறினார். “அம்மாவின்ர குரல் மட்டும் போதும். நீர் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரும்.”

“பதினைஞ்சு வருசமா அதைத்தானே செய்தனான்!”

மூன்றாம் முறை வாய்க்குள் துவாய்த் துண்டை அடைத்துக்கொண்டேன். மாமி தொடங்கினார், நிறுத்தினார். இடைவெளி நீண்டுகொண்டே போனது. இதைப் பதிந்த அன்று நான் கோபத்தில் அவருக்கு எதிரே ஊமையாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“றஞ்சிதா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையோ? சொல்லு!” றெக்கோடருக்குள்ளிருந்து மாமி அதட்டினார்.

துவாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னேன்.